சமையற்கூடத்துப் பாய்லரின் புகை

பாய்லர்களின் புகையை அளப்பது என் வேலை. புகைபோக்கியில் இதற்கென்று விட்டிருக்கும் துளைக்குள் நீளமான குழாயை நுழைத்தால், வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கையிலிருக்கும் மீட்டர் காட்டும். ஆக்சிஜன் அதிகம் என்றால், வேண்டாத காற்றையெல்லாம் சூடாக்கி வெளியே அனுப்புகிறோம். மோனாக்சைடு அதிகம் என்றால், காற்று போதாமல் எரிபொருள் அரைகுறையாக எரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைப் பிடிக்க வேண்டும்.

வல்லம் வடகாலில் ஒரு சமையற்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் கேன்டீன்களுக்குச் சோறும் சாம்பாரும் அங்கிருந்துதான் வேனில் போகும். எல்லாம் நீராவியில் வேகிறது. அதற்குக் கடலைத் தோலை அழுத்திச் செய்த கட்டிகளை எரிக்கும் பாய்லர்.

சமையற்கூடத்துப் பொறுப்பாளர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்மணி. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“அரிசி நேரத்துக்கு வேகவே மாட்டேங்கு. ஆபரேட்டர்ட்ட கேட்டா பாய்லரைச் சொல்லுதாரு. தூங்குதாரோ என்னமோ, நீங்களே பாருங்க மேடம்.”

ஆபரேட்டர் உள்ளூர்க்காரர். சட்டை முழுக்கக் கரி. கண்களைப் பார்த்தால் தூங்கியவர் போலத் தெரியவில்லை.

“நான் இன்னா பண்றது மேடம்? போன தபா சர்வீசுக்கு வந்தவரு, ஆக்சிஜன் ஜாஸ்தின்னு காத்தைக் கொறைச்சு வெச்சிட்டுப் பூட்டாரு. அதுலேர்ந்து கரும்புகைதான். கட்டியைக் கொட்டிக்கினே கீறேன், ஸ்டீம் ஏற மாட்டேன்னுது.”

புகைபோக்கியில் அளந்தேன். ஆக்சிஜன் பதினான்கு சதவீதம். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானும் காற்றை இன்னும் குறைத்துவிட்டுத்தான் போயிருப்பேன். ஆனால் தலைக்கு மேலே புகை கன்னங்கரேலென்று போய்க்கொண்டிருந்தது. காற்றில்லாமல் திணறும் நெருப்பிலிருந்து இவ்வளவு ஆக்சிஜன் எப்படி மிஞ்சும்? மீட்டர் மேல் சந்தேகப்பட்டு வெளிக்காற்றில் சரிபார்த்தேன். மீட்டரில் கோளாறில்லை.

“தூசி பிரிக்கிற தொட்டிக்கு முன்னாடி, பாய்லரை ஒட்டி ஏதாவது துளை இருக்காண்ணா?”

“ஒண்ணு கீது. போல்ட் போட்டு அடைச்சிக்கிறாங்க. துருப்புடிச்சிருக்கும்.”

இருவரும் மாற்றி மாற்றி ஸ்பேனரைப் பிடித்துத் திருகினோம். ஒரு வழியாகத் திறந்தது. அங்கே ஆக்சிஜன் நான்குதான். மோனாக்சைடு ஏறிய வேகத்தில் மீட்டர் கெட்டுவிடுமோ என்று குழாயைச் சட்டென்று உருவிவிட்டேன். ஒரே புகை, கொஞ்ச தூரம் போவதற்குள் இப்படி மாறினால், நடுவில் எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது.

ஆபரேட்டர் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுவத்தியை எடுத்து வந்தார். தொட்டியின் இணைப்புகளையொட்டி மெல்ல நகர்த்தினார். சுத்தம் செய்யும் கதவின் கீழ் விளிம்பில் ஊதுவத்திப் புகை வளைந்து, விறுவிறுவென்று உள்ளே போனது.

“இதாம்மா,” என்றார். அதுவரை நான் மேடமாக இருந்தேன்.

புகையை இழுக்க வேண்டிய மின்விசிறி, நெருப்பின் வழியாக இழுக்காமல் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புகைபோக்கித் துளையில் மட்டும் அளந்த சர்வீஸ்காரருக்கு அந்தக் காற்றுதான் கணக்கில் வந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு வேன்கள் கிளம்பும்வரை பாய்லரை நிறுத்த முடியாது. காத்திருந்தோம். பிறகு நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, கதவைத் திறந்தோம். விளிம்பை அடைக்கும் நார்க்கயிறு கீழ்ப்பக்கம் தீய்ந்து உதிர்ந்திருந்தது. ஸ்டோரில் புதுக்கயிறு இருந்தது. அவர் அதைப் பள்ளத்தில் பொறுமையாக அழுத்தி வைக்க, சர்வீஸ்காரர் குறைத்துவைத்திருந்த காற்றுத் தடுப்பை நான் திறந்துவைத்தேன்.

மறுபடி பற்றவைத்து நெருப்பு நிதானப்பட்டதும் இரண்டு இடங்களிலும் அளந்தேன். ஆக்சிஜன் இரண்டிலும் ஏழு சதவீதத்தை ஒட்டியே நின்றது. மோனாக்சைடு இறங்கிவிட்டது. புகை வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்தது. ஆபரேட்டர் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏறுது பாரும்மா. இன்னொரு தபா கட்டிகூடப் போடல.”

பொறுப்பாளரைக் கூட்டிவந்து, உதிர்ந்த கயிற்றைக் காட்டி விளக்கினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு ஆபரேட்டர் பக்கம் திரும்பினார்.

“உங்களத்தான் தப்பா நெனச்சுட்டேன் அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா?”

“எங்க சாப்ட்றது?”

“ரெண்டு பேரும் வாங்க. நானும் இன்னும் சாப்பிடல.”

கை கழுவக் கழுவக் கரி போகவில்லை. அப்படியே உட்கார்ந்தோம். சோறு ஆறியிருந்தது, சாம்பாரில் முருங்கைக்காய் நிறைய இருந்தது. ஆபரேட்டர் தன் பெண் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நானும் என் தட்டை நீட்டினேன்.