அமுக்காதே தங்கச்சி

மேளத்தைப் பதிவு செய்து மெருகேற்றும் இந்தத் தொழிலில் காதைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். விளக்கம் சொல்லியே தொண்டை வறண்ட என் சக பாவிகளுக்கு இது புரியும்.

பழைய கம்ப்ரஸர்

மலாக்கா புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டூடியோ. கம்ப்ரஸர் என்பது எகிறும் சத்தத்தை அடக்கிச் சமன் செய்வது. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றை முள், குமிழ் எல்லாம் அப்படியே நகலெடுத்த மென்பொருளை ஆசையாக வாங்கினேன். "பழைய கம்ப்ரஸர் வாங்கிட்டேன்" என்று போனில் பீற்றிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு சரசு அக்கா காதில் விழுந்துவிட்டது. வேகமாக வந்தார்.

"பழசை ஏன்டி வாங்குனே? எங்க ஏர்கோன்லயும் குளிரே வரல, புதுசா ஒன்னு பார்த்துக் குடு லா!"

வாயைக் கொடுத்து

செலண்டார் உருமி மேளக் குழுத் தலைவர் குமரன் அண்ணன். அவர்களுக்கு இது முதல் பாட்டு, எனக்கு முதல் உருமி வேலை. இது நன்றாக வந்தால் மலாக்காவில் மற்ற குழுக்களும் என்னிடம் வரும். சொதப்பினால் எல்லாரும் தலைநகர் கே.எல். ஸ்டூடியோக்களுக்கே போய்விடுவார்கள், என் கடைக்குப் பூட்டுதான்.

கம்ப்ரஸர் என்ன செய்யும் என்று கேட்டார். "அடியை அமுக்கும்ணே" என்றேன். தொலைந்தேன்! மனுஷன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ரப்பர் தோட்டத்துல இருந்து டவுன் வரைக்கும் எல்லாரும் எங்களை அமுக்கத்தான் பார்க்குறானுங்க, நீயுமா தங்கச்சி?"

நகல்

விடுவேனா? அவர் அடித்த அசல் பதிவில் கையே வைக்கவில்லை. அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் பழைய கம்ப்ரஸரில் போட்டு நசுக்கோ நசுக்கென்று நசுக்கினேன். தனியாகக் கேட்டால் தகர டப்பா மாதிரி இருந்தது. அதை அசலுக்கு அடியில் கொஞ்சமாகக் கலந்தேன். முதலில் நகல் கூடிப்போய்விட்டது. "உருமி எங்கே?" என்று திருப்பி அனுப்பினார். குறைத்தேன், அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். எரிச்சலில் அழுகையே வந்தது. ஆனாலும் தினமும் மற்ற வேலைகளை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கடைசியில், வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது வருமே ஓர் உறுமல், குழுவின் தவில் சத்தத்தில் காணாமல் போயிருந்த அது, மேலே எழும்பி வந்தது. அடியும் குறையவில்லை. குமரன் அண்ணன் தன் வேனில் போட்டுக் கேட்டார். என்ன செய்தாய் என்றார். நகலை அமுக்கி அசலுக்கு அடியில் வைத்ததை மறைக்காமல் சொன்னேன். பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டுக் கேட்டார்.

"அமுங்கிக் கிடக்கிறவன்தான் எங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கான், கே.எல். எல்லாம் வேணாம், இதையே போட்டுடு தங்கச்சி."

இப்போது வருகிற குழுக்கள் கம்ப்ரஸர் என்ன செய்யும் என்று கேட்டால் "தூக்கிவிடுவேன்ணே" என்று மட்டும்தான் சொல்கிறேன், வேலை என்னவோ அதே வேலைதான்.