சார்ஜில் இருந்தால்தான் காது கேட்கும்

மெக்கானிக்கின் போனுக்கு எட்டு வயது. இத்தனை வருஷத்தில் அதன்மேல் ஒரு கீறல் கிடையாது, ஒரு கறை கிடையாது. அவர் கையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்; நகக்கண் வரைக்கும் கிரீஸ் ஏறிப்போன கை. அந்தக் கையால் பன்னைப் பிய்த்துத் தின்பார், வண்டிக்காரர்களின் வெள்ளைச் சட்டையைத் தட்டிக்கொடுப்பார், போனை மட்டும் தொட மாட்டார். அது பட்டறை ஜன்னலில் வெளுத்த துண்டின்மேல் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

போன மாதம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் ஒன்பது தடவை போன் அடித்தாள். இவர் காருக்கு அடியில் கிடந்தார். மணி காதில் விழாமல் இல்லை. கை கழுவிவிட்டுக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். கழுவி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டே போட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் போன் செய்வதில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முகம் கொடுத்துப் பேசுகிறாள், உப்பு போதுமா என்றுகூடக் கேட்கிறாள். அவசரம் என்றால் மட்டும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறாள். மனுஷனுக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. எப்படியாவது அவள் மறுபடியும் தன்னைக் கூப்பிட வேண்டும்.

மகள் வழி சொன்னாள். "தொடவே வேண்டாம்ப்பா. 'கேளு தங்கம், போனை எடு'ன்னு சொன்னா அதுவே எடுத்துக்கும். ஆனா இது பழைய போன். சார்ஜ் ஏறிட்டு இருந்தாத்தான் இதுக்குக் காது கேட்கும்."

ஜன்னல் பக்கம் பிளக் கிடையாது. அதனாலென்ன, எந்தக் கார் வந்து நின்றாலும் அதிலிருந்து ஒரு வயரை இழுத்துப் போனுக்குக் கொடுத்தார். அப்புறம் பட்டறையே அதிர்ந்தது. பார்ட்ஸ் கடைக்காரரோ ராங் நம்பரோ, யார் அடித்தாலும் காருக்கு அடியிலிருந்து "கேளு தங்கம்" என்று ஒரு கத்தல். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவியைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டார்.

"இனிமே எப்ப அடிச்சாலும் எடுப்பேன். அடிச்சுப் பாரு."

"ம்" என்றாள். அடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் வயரிங் வேலைக்கு ஒரு கார் வந்தது. வயரிங்கில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் யாருக்காகவும் மீறாத சட்டம். கழற்றிக் கீழே வைத்துவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். போன் அடித்தது. மனைவிக்கென்று மகள் வைத்துக்கொடுத்த தனி மணி.

"கேளு தங்கம், போனை எடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அட சனியனே, எடு."

அப்போதுதான் தரையில் கிடந்த பேட்டரி கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கில் தலையை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். விரலால் தேய்த்தார். கண்ணாடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்ததே தவிர, கிரீஸ் விரலைப் போன் மதிக்கவில்லை. மணி நிற்கப் போகிற நேரம், குனிந்து மூக்கால் தேய்த்தார். எடுத்துக்கொண்டது. காதையும் அதன்மேலேயே கவிழ்த்தார்.

"என்ன ஆச்சும்மா? எங்க விழுந்த?"

"ஒண்ணும் ஆகல. கட்டைப் பிரிச்சுட்டாங்க, சொல்லலாம்னு அடிச்சேன். உங்க தங்கம் எடுத்துச்சாக்கும்?"

"அதுக்குக் காது கேட்கல. நானேதான் எடுத்தேன்."

"கை கழுவிட்டா?"

"இல்ல. மூக்கால."



"அன்னைக்கும் மூக்கு இருந்துச்சுல்ல?" என்றாள்.