இந்த வண்டிக்கு மாடு பின்னால

தங்கையின் கணவர் எழுதிய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. முத்திரையில் 1967 என்ற வருடம் தெரிகிறது. நாள், மாதத்தின் மேல் மை படர்ந்துவிட்டது. எழுத்தில் ‘ஐப்பசி வளர்பிறை’ என்று இருப்பதால் மாதத்தில் சந்தேகமில்லை. “மச்சானுக்கு. பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தாச்சு. நல்ல நேரம் காலையோடு முடிகிறது. முதல் பஸ்ஸில் வந்துவிடவும்.”

எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அப்பா காலமாகியிருந்தார். தங்கைக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். நான் வரத் தவறினால் அவள் கொழுந்தன் மடியில் வைத்துக் குத்திவிடுவார்கள். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்வார்கள்; கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியவள் அவள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். இரவெல்லாம் மழை. பாதி வழியில் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி வந்தது. அதற்கு ஒதுங்கிய பஸ்ஸின் இடப்பக்கச் சக்கரங்கள் சரளை ரோட்டை விட்டு இறங்கிக் கரிசலில் புதைந்தன. நனைந்த கரிசலில் சைக்கிள் கூட உருளாது. தோளில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள்.

கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, பருத்திமார் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் போன வருடத்துக் காய்ந்த பருத்திச் செடிகளைப் படப்பிலிருந்து உருவிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரத்துக்கு அடியில் பாய் விரித்ததுபோல் பரப்பினார்கள். நானும் ஒரு கட்டு போட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று இன்னும் ஆழமாக இறங்கியது.

டிரைவர் இறங்கிவந்து பார்த்தார்.

“முன்னால போடச் சொன்னது யாரு?”

தலைப்பாகை கட்டிய புஞ்சைக்காரச் சம்சாரி ஒருவர் சொன்னார்: “மாட்டுக் கால்லதானய்யா போடணும். கால் ஊனுனாத்தான இழுக்கும்.”

“சரிதான் பெரியவரே. இந்த வண்டிக்கு மாடு பின்னால இருக்கு.”

“பின்னால இருந்து எப்படி இழுக்கும்?”

“இழுக்காது. தள்ளும்.”

கூடையோடு நின்ற ஒரு அம்மா சொன்னாள்: “மாட்ட வாலுப்பக்கம் பூட்டிக்கிட்டு, டிக்கெட்ட மட்டும் முன்னாலயே கிழிச்சிட்டாக.”

பெரியவர் சொன்னதில் தப்பில்லை. மாட்டுவண்டியின் சக்கரம் இழுபடுவது மட்டும்தான். மண் அதைப் பின்னுக்குப் பிடிக்கிறது. குளம்பு மண்ணைப் பின்னுக்கு உந்துகிறது. மண் குளம்பை முன்னுக்கு உந்துகிறது. உராய்வு இயக்கத்துக்கு எதிராகவே செயல்படும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த விதி தரையில் இழுபடும் மூட்டைக்குச் சரி. சக்கரமானாலும் காலானாலும், மண்ணைத் தொடும் இடம் எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது என்றுதான் கேட்க வேண்டும். உராய்வு அதற்கு எதிர்ப்பக்கம். எஞ்சின் சுற்றும் பின்சக்கரத்தின் அடி பின்னுக்கு வழுக்கப் பார்க்கிறது, அதனால் மண்ணின் பிடி முன்னுக்கு. சும்மா உருளும் முன்சக்கரத்தில் பிடி பின்னுக்கு. ஒரே பஸ்ஸில் இரண்டு திசை. இதையெல்லாம் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெளிந்தேன். அன்றைக்கு என் நினைப்பெல்லாம் ஏறிக்கொண்டிருந்த வெயிலில் இருந்தது.

பருத்திமாரைப் பின்சக்கரத்துக்கு மாற்றினோம். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தள்ளினோம். முதலில் என் கால்தான் பின்னுக்கு வழுக்கியது. கைகளை ஊன்றி விழுந்தேன். எழுந்து ஒரு சரளைக்கல்லில் காலை அண்டக்கொடுத்துத் தள்ளினேன். சக்கரம் பருத்திமாரைக் கடித்தது. குச்சிகளும் சேறும் எங்கள் மேல் பின்னோக்கிப் பறந்தன. பஸ் முன்னோக்கி எழும்பியது. விசேஷத்துக்கென்று கட்டியிருந்த வேட்டி இடுப்புவரை கறுத்துவிட்டது.

தங்கை வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தபோது ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனும் மணையில் உட்கார்ந்திருந்தான். மடியில் இன்னும் பிள்ளை இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டான்.

“என்ன மச்சான், உழுதுட்டு வாரீகளா?” என்றார் தங்கையின் கணவர்.

வேட்டி மாற்றி வருவதாகச் சொன்னேன். தங்கை கேட்கவில்லை. பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையை அப்படியே கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தாள். “கறை பட்டா படட்டும். ஒக்காருடி.”

நல்ல நேரம் அப்போது மிச்சம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் வரும்வரை தான்தான் பிள்ளையைக் கொழுந்தனிடம் கொடுக்காமல் இறுக்கி வைத்திருந்ததாகத் தங்கை இன்றும் சொல்கிறாள். ஆசாரியே சேற்றில் மாட்டி எனக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்தார் என்பது அவள் கணவர் சொல்லிவந்தது. ஆசாரியின் கால் சேறாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கேட்டறிய ஆசாரியும் இப்போது இல்லை. எது நடந்தது என்பது இதுவரை உறுதியாகவில்லை.