சின்ன மேடம் சொன்ன சாட்சி

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சின்ன மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையில் வந்த பட்டம் இல்லை. அவளுடைய அம்மா அங்கே சூப்பர்வைசர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முப்பத்திரண்டு பெண்களைக் கட்டி மேய்ப்பவள். மகள் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி. மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் வெந்நீரில் புரண்டு, ஈரத்தோடு அவளுடைய ரோலருக்கு வரும். உள்ளே நீராவி ஓடும் நீளமான உருளை அது. இந்தப் பக்கம் இரண்டு பேர் முனைகளைப் பிடித்துக் கொடுத்தால், அந்தப் பக்கம் விரிப்பு மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும்.

சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தால் போதும், மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் மழை வருமா என்று விசாரிக்கத் தொடங்கும். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் அந்த விசாரணை நடந்தது. அவளும் சளைக்காமல், "இன்னைக்கு வராது, நீங்க தைரியமா திட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் டப்பாவைத் திறப்பாள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், பாட்டுக்காரியைத் தவிர.

பாட்டுக்காரி, ரோலரில் அவளோடு ஜோடியாக நிற்பவள். நாற்பது வயது. வேலை நேரம் முழுக்க ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். சுருதி மட்டும் ஒருநாளும் சேர்ந்ததில்லை. ஆறு வருஷமாக எதிரெதிரே நின்று விரிப்பு பிடித்ததில், ஒருத்தியின் மூச்சு மற்றவளுக்குத் தெரியும்.

அன்று காலை விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தது. அதை நீவிவிடக் கை நீட்டினாள் பாட்டுக்காரி. துணியோடு சேர்ந்து விரல்களும் உள்ளே போயின. உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. சின்ன மேடம் நாலு எட்டில் சுவருக்குப் பாய்ந்து சிவப்புப் பொத்தானைக் குத்தி நிறுத்துவதற்குள், பாட்டுக்காரியின் இடது கையில் நான்கு விரல்கள் வெந்துபோயிருந்தன.

சாயங்காலம் கண்ணாடி அறையின் பதிவேட்டில் அம்மா ஒரே வரி எழுதினாள்: தொழிலாளியின் கவனக்குறைவு.

அது பொய் என்று மகளுக்குத் தெரியும். ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தக் கம்பி காற்று பட்டாலும் மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. அம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "இப்படி நின்னு நின்னு ஓடினா விரிப்பு எப்ப போய்ச் சேரும்? அந்தக் கம்பியோட ஒயரைக் கழட்டி விடு" என்றாள். பக்கத்தில் நின்றது மகள் மட்டும்தான். "அம்மா, அது வேணாமே" என்று சொல்லியும் பார்த்தாள். "உன் வேலையைப் பாரு" என்றாள் அம்மா. அவளும் வேலையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விரிப்புகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரர் வீட்டில் பத்துப் பேர் கூடினார்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் எழுதுவது என்று ஏற்பாடு. அவளை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த வண்டிக்காரர் வழி விடவில்லை. "அம்மா அனுப்பினாங்களா?" என்றார்.

"அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் வந்திருப்பேன்."

உள்ளே போய் நடு அறையில் நின்று, ஒயர் கழன்ற கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேண்டிய சாட்சி தானாக வந்து நிற்கிறது. அது சூப்பர்வைசர் வயிற்றில் பிறந்திருக்கிறது.

"சொல்றதெல்லாம் சரிம்மா" என்றார் வண்டிக்காரர். "ஆய்வாளர் முன்னால உங்க அம்மா ஒரு முறை முறைச்சா நீ பல்டி அடிக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஒண்ணு பண்ணு. பதிவேடு இருக்கிற அலமாரிச் சாவி உங்க வீட்டுலதானே இருக்கு. பதிவேட்டை எடுத்துக் கொடு. அப்புறம் நம்புறோம்."

"சாவியைத் திருட மாட்டேன்."

"பாத்தீங்களா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க" என்றாள் அவள். "பெத்தவ தூங்கும்போது சாவியைத் தூக்குறவளை நீங்க நம்புவீங்க. அவ முகத்துக்கு நேரா நின்னு சொல்றேன்னு வர்றவளை நம்ப மாட்டீங்க. நல்ல கணக்குதான்."

விரிப்பு மடிக்கும் மேஜைக்குப் பொறுப்பான மடிப்பக்கா கொஞ்சம் தணிந்து பேசினாள். "கோவிச்சுக்காத. உன்னால அம்மாவுக்கு வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ? அதையும் யோசிக்கணும்ல?"

"போகட்டும். நான் சோறு போடுவேன். அவங்க என் அம்மாதான். இல்லைன்னு சொல்ல நான் இங்க வரல. நீங்க என்னை நம்பணும்னு கேட்கவும் வரல. பாத்ததைச் சொல்லப்போறேன், அவ்வளவுதான்."

அவள் போன பிறகு கூட்டம் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டது. கடைசியில் சாட்சிப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கவில்லை.

அவள் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனாள். அம்மா ஜன்னலருகே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆய்வாளர் வந்தா ஒயர் விஷயத்தைச் சொல்லிடுவேன்மா. முன்னாடியே உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அம்மாவின் ஊசி நின்றது. பிறகு தன் ரவிக்கையின் நீண்ட இடது கையை முழங்கை வரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே வெளுத்த தழும்புகள். "இந்த ரோலர்ல பதினாறு வருஷம் நின்னவ நான். எனக்குச் சுட்டப்ப நான் ஊரைக் கூட்டல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அதனாலதான் அந்த நாற்காலி கிடைச்சது. அதுலதான் நீ வளந்த."

"தெரியும். உனக்குச் சுட்டப்ப யாராவது ஊரைக் கூட்டியிருந்தா பாட்டுக்காரி கை தப்பிச்சிருக்கும்."

"பெத்தவளைக் காட்டிக்கொடுத்துட்டு யார்கிட்ட போய் நிப்ப? அவங்க உன்னைச் சேத்துக்குவாங்கன்னு நினைக்கிறியா?"

"சேத்துக்கல. இப்பதான் அங்கிருந்து வர்றேன்."

அம்மா சுருட்டிய ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் ஒரு அட்டைக் கோப்பு. கண்ணாடி அறையில் மேனேஜர், அம்மா, கட்டுப் போட்ட கையோடு பாட்டுக்காரி, மெக்கானிக், வண்டிக்காரர். கம்பி நன்றாகத்தான் வேலை செய்தது என்றார் மேனேஜர். மெக்கானிக், தனக்கு ஞாபகம் இல்லை என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். அந்த ரோலர் ஏற்கெனவே பழுதுதான் என்று வண்டிக்காரர் வாதாடினார். நேரில் பார்த்தீர்களா என்று ஆய்வாளர் கேட்டதும், இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மேடம், கையிலிருந்த ஈர விரிப்பைத் தள்ளுவண்டியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பட்டியல்ல நீங்க இல்லையே" என்றார் ஆய்வாளர்.

"பட்டியல்ல இல்ல சார். மெஷின்கிட்ட இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். யார் சொல்லி ஒயர் கழன்றது என்பதையும், தான் வாயை மூடிக்கொண்டு ஐந்து வாரம் வேலை பார்த்ததையும் விடவில்லை.

"சூப்பர்வைசர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அம்மா."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்க சார், இது வீட்டுச் சண்டை. அம்மா மேல இருக்கிற கோவத்துல பொண்ணு வாய்க்கு வந்தபடி பொய் சொல்லுது."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நம்பாததற்கும் காரணம் அம்மா. இன்று இந்தப் பக்கம் நம்பாததற்கும் காரணம் அம்மா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க சார், ஒயரைக் காட்டுறேன்" என்று திரும்பினாள்.

"இருங்க" என்றாள் அம்மா. அதுவரை வாயே திறக்காதவள் எழுந்து நின்றாள். மேனேஜரைப் பார்த்துத்தான் பேசினாள். "என் பொண்ணு திமிர் பிடிச்சவ. ஊர்ல யாருக்கும் அடங்க மாட்டா. ஆனா அவ பொய் சொல்றான்னு என் முன்னால யாரும் பேசக் கூடாது. ஒயரைக் கழட்டச் சொன்னது நான்தான்."

ஆய்வாளர் ரோலரின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். நீல டேப் சுற்றிய ஒயர் முனை உள்ளே தொங்கியது.

அன்றே அந்த ரோலருக்குச் சீல் விழுந்தது. பாட்டுக்காரியின் வைத்தியச் செலவைச் சலவைக்கூடமே ஏற்க வேண்டியதாயிற்று. இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. அம்மாவின் நாற்காலி போயிற்று. அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு அவளை மாற்றினார்கள். மகளோடு ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பஸ்ஸில் போனாள். நான்கு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது மாதம் பேசிய முதல் வார்த்தையே, "உன்னாலதான்." மகள், "ஆமா, என்னாலதான்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் வழக்கம்போலச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டு அறையில் கதை வேறு மாதிரியும் உலவியது. அம்மாவும் பொண்ணும் பேசிவைத்து ஆடிய நாடகம், தண்டனையைக் குறைக்க வழி என்று இரண்டு மூன்று பேர் கிசுகிசுத்தார்கள். அதைக் கிளப்பியவர் யார் என்று அவள் விசாரிக்கவில்லை.

மெஷின்களின் பாதுகாப்பைக் கவனிக்கத் தொழிலாளர்களில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்று ஆய்வாளரின் உத்தரவு வந்தபோது, பாட்டுக்காரி கட்டுப் பிரித்த கையை உயர்த்தி, "சின்ன மேடம்தான்" என்றாள். மடிப்பக்கா கை தூக்கினாள். ஒவ்வொன்றாக இருபத்தாறு கைகள் எழுந்தன. வண்டிக்காரர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இன்னும் மனசு ஒப்பல" என்றார் அவர், நேராகவே.

"ஒப்ப வேண்டாம்" என்றாள் அவள். "என் வேலையைப் பாத்துக்கிட்டே இருங்க. தப்பு நடந்தா முதல்ல நீங்கதான் கேட்கணும். உங்க வண்டியோட பின்கதவு தாழ்ப்பாள் மூணு மாசமா உடைஞ்சு கிடக்கு. நாளைக்குக் காலைல அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."