மாமன் மடிக்காக வளர்ந்த முடி

தென்காசியில் மாடத்தி வீட்டுக்கு வழி கேட்டால் தெருக்காரர்கள் கதவிலக்கம் எதுவும் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல ஒரு பையன் ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு யார்ட்டயாவது சண்டை பிடிச்சுக்கிட்டு நிப்பான். அந்த வீடுதான்" என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில் அந்தப் பையனுக்கு வயது ஐந்து. பெயர் சுடலையாண்டி, மாடத்தியின் அப்பா பெயர். முடி முதுகுப் பாதி வரைக்கும் தொங்கியது. பிறந்ததிலிருந்து அதில் கத்தி பட்டதே கிடையாது.

முதல் முடியைப் பண்பொழி மலை முருகனுக்கு இறக்குவதாக நேர்ச்சை. அதைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். மாடத்திக்குக் கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மடியும் இருந்தது. அவன் வரத்தான் இல்லை.

இத்தனைக்கும் சண்டை ஒரு பெரிய விஷயத்துக்காக வந்ததில்லை. அண்ணன் சொரிமுத்து சிவகிரி போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். தங்கச்சிக்கு ஆண் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, லீவு வாங்கிக்கொண்டு சிவப்புத் தலைப்பாகையோடு வந்து இறங்கிவிட்டான். பிள்ளை பிறந்து அழுத சத்தம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு, சேனை வைக்கக் கரைத்து வைத்திருந்த சீனித் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் இனிப்பு தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பது அங்கே எல்லாரும் நம்புகிற விஷயம். மாடத்தி படுத்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"ஐயையோ, நீ வேண்டாம்ண்ணே! ஒன் முன்கோவம் எம் பிள்ளைக்கும் வந்து தொலைக்கவா? மதினி வைக்கட்டும்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொரிமுத்து கிண்ணத்தைக் கீழே வைத்தான். முகம் தலைப்பாகையை விடச் சிவந்திருந்தது. "இனி நீயா வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாத்தான் இந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

சேனை வைத்தது மாடத்தி புருஷனின் அக்கா முப்பிடாதியம்மாள். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் "ஆட்டும், என்ன இப்பம்" என்று சொல்கிற பொம்பளை. ஊரிலேயே அவளைப்போல் நிதானம் யாருக்கும் கிடையாது. அதில் ஒரு துளிகூடப் பையனுக்கு வரவில்லை. குப்புற விழப் பழகியபோது, திரும்பி நிமிர முடியவில்லை என்று பாயைக் கடித்தான். பல் முளைத்ததற்குக் கொழுக்கட்டை செய்து, குட்டி குட்டியாக உருட்டித் தலையில் கொட்டினார்கள். தன்னை எதனால் அடிக்கிறார்கள் என்று தெரியாமல் எடுத்துத் திரும்ப எறிந்தான். முதல் அடி எடுத்து வைத்ததே அக்கா தங்கத்தாயை அடிப்பதற்காகத்தான். சுவரைப் பிடித்து நின்றவன், அவள் தன்னுடைய மரப்பாச்சியைத் தொட்டுவிட்டாள் என்று கையை விட்டுவிட்டு நாலெட்டு நடந்து போய் ஒரு அறை வைத்தான். அடி வாங்கிய தங்கத்தாய் அழுவதை மறந்து "எம்மா, தம்பி நடந்துட்டான்!" என்று குதித்தாள்.

ஒவ்வொரு தடவையும் மாடத்தி பலகாரம் செய்வாள். தெருவுக்கெல்லாம் கொடுப்பாள். ஒரு பங்கைத் தனியாக எடுத்துச் சம்படத்தில் மூடி வைப்பாள். பொழுது சாயும் வரைக்கும் வாசலைப் பார்ப்பாள். அப்புறம் அண்ணனை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே அதைத் தானே உட்கார்ந்து தின்பாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில், குற்றால அருவிக்கும் தேரோட்டத்துக்கும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அண்ணன் அவன். அவன் வராத விசேஷம் அவளுக்கு விசேஷமாகவே இல்லை.

"நாலு வெத்தலைல நீ என்ன தேஞ்சா போயிருவ? போய் அழையேன்" என்பான் புருஷன் மாடக்கண்ணு.

"தாய்மாமனுக்கு எதுக்கு அழைப்பு? அவன் வீட்டுப் பிள்ளைல்லா இது. உரிமைப்பட்டவன் அவனா வரணும்."

நியாயம் என்று பார்த்தால் அண்ணன் சொன்னதும் சரி, தங்கச்சி சொன்னதும் சரி. அதுதான் தொல்லையாகப் போயிற்று. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் குடும்பத்தோடு பண்பொழிக்குப் போவார்கள். அடிவாரத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருப்பவர் "இந்த வருசமும் இல்லையா தாயி?" என்று சிரிப்பார். பையன் சடையை ஆட்டிக்கொண்டே மலையேறி இறங்குவான். ஆய்க்குடியில் இருக்கிற பெரியப்பா மகன் மடியில் வைத்து இறக்கலாமே, அவனும் மாமன் முறைதானே என்று சொன்னவர்களோடெல்லாம் மாடத்தி பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாத்தியார் பையனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சேத்துக்கிடலாம். இவன ஆம்பளைப் பிள்ளைய பக்கம் உக்கார வைக்கவா, பொம்பளைப் பிள்ளைய பக்கம் உக்கார வைக்கவா?" என்று கேட்டார். பையன் அவர் காலை மிதித்துவிட்டு ஓடிவந்தான். எதற்கும் சத்தம் போடாத மாடக்கண்ணு அன்றைக்குப் போட்டான். "ஆவணிக்குள்ள ஒங்க அண்ணன் வரணும். வரலைன்னா ஆய்க்குடியான் மடில வச்சு எறக்கிருவேன். பொறகு என்னைக் கொறை சொல்லப்பிடாது." இந்தத் தடவை அவன் சொன்னபடி செய்துவிடுவான் என்று மாடத்திக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வெற்றிலையை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்பாள், மறுநாள் மனசு வராமல் ஆட்டுக்குப் போடுவாள். அவள் ஆடு அந்த ஆனி முழுக்க வெற்றிலை தின்றது.

ஆடி பிறந்தது. சாரல் நன்றாக விழுகிறது என்று வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார்கள். பேரருவியில் ஒரே கூட்டம். மாடக்கண்ணு வண்டிப் பக்கம் இருந்துகொண்டான். பிள்ளைகளோடு பெண்கள் பக்கம் போன மாடத்தி, பையனைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். அவனுடைய மாற்றுத் துணி வண்டியிலேயே இருந்தது. கையில் இருந்த தங்கத்தாயின் உலர்ந்த பாவாடையைக் கட்டிவிட்டாள். தன்னைக் கேட்காமல் தண்ணீரில் முக்கிவிட்டாள், போதாததற்குப் பாவாடையும் கட்டிவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். இது எப்போதும் உள்ளதுதான் என்று அவள் சேலையைப் பிழிந்து கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை.

மாடத்திக்கு உயிரே போய்விட்டது. தங்கத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். "ஒரு பையனப் பாத்தியளா, அஞ்சு வயசுப் பையன்" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள். யாரும் பையனைப் பார்க்கவில்லை. கடைத்தெருப் பக்கமிருந்து பழக்கடைக்காரர் ஒருவர் கையைக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"சடை போட்ட பொம்பளைப் பிள்ளை ஒண்ணு கெடைச்சிருக்கு! பாவாடை கட்டுன பொம்பளைப் பிள்ளை! தொலைச்சவங்க வாங்க!"

"இவ ஒருத்தி! பிள்ளையத் தொலைச்சுட்டு எங்கன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காளோ" என்று அந்தப் பதற்றத்திலும் யாரோ ஒரு தாயை வைதுவிட்டு மாடத்தி எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

தங்கத்தாய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, நம்ம சுடலைக்கும் சடைதான? நீதான காலைல பின்னிவிட்ட? என் பாவாடைதான கட்டியிருக்கான்?"

மாடத்தி அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள்.

பழக்கடைக்காரர் கிதிர் முகம்மது கடை ஓரத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். அதில் ஒரு போலீஸ்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் சுடலையாண்டி. வாயெல்லாம் மங்குஸ்தான் சாறு. பையன் கிடைத்துவிட்டான் என்று தெரிந்த நிம்மதியில் மாடத்தி கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் போலீஸ்காரரின் குரல் காதில் விழுந்தது. ஐந்து வருஷமாக அவள் கேட்காத குரல். தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். சீசன் கூட்டத்துக்காக வெளியூர் ஸ்டேஷன்களிலிருந்து போலீசை வரவழைத்திருந்தார்கள்.

"அழாத தாயி. ஒங்க அம்மை இப்பம் வந்துருவா. ஒம் பேரு என்ன?"

"சுடலையாண்டி."

சொரிமுத்து சிரித்தான். "எங்க அய்யா பேருல்லா! பொம்பளைப் பிள்ளைக்கு எவம்லே இந்தப் பேர வச்சான்?"

"ஏலே, நான் பொம்பளைப் பிள்ளை இல்லலே! பையன்!" போலீசையே லே போட்டுப் பேசியதில் கிதிர் முகம்மதுவின் கையிலிருந்த பழம் நழுவியது.

"அப்பம் இந்தச் சடை என்னத்துக்கு?"

"மாமா மடில இருந்துதான் எடுக்கணும். மாமா வர மாட்டாவ."

"ஏன் வர மாட்டாவளாம்?"

"மாமாவுக்கு முன்கோவம். அம்மைக்கும் முன்கோவம். அப்பா சொன்னாவ."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சொரிமுத்து சிரிக்கவில்லை. பையனின் ஈரச் சடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"வேற யாரு மடிலயும் வச்சு எடுக்கலியா?"

"அம்மை விட மாட்டா."

மாடத்திக்கு அதற்குமேல் அங்கே ஒளிந்து நிற்க முடியவில்லை. "அண்ணே" என்றாள்.

நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என்ன பிள்ள இப்பிடி மெலிஞ்சுட்ட?" என்றான் சொரிமுத்து.

"பிள்ளையத் தொலைச்சவ எவன்னு வஞ்சுக்கிட்டே வந்தேன்ண்ணே. நாந்தான் அது" என்று சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

"எவன் மடிலயாவது வச்சு எறக்கியிருப்பேன்னுல்லா நெனச்சேன். தைப்பூசம் வந்தா அன்னைக்குப் பூரா யார்ட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பிள்ள. இவன் எனக்காக முடி வளத்துக்கிட்டு நிக்கான்னு எனக்கு யாரு சொன்னா?"

"இப்பம் வெத்தலை பாக்கு வைக்கணுமாண்ணே?"

"வெத்தலை நம்மகிட்ட இல்ல தாயி. மங்குஸ்தான் இருக்கு, வைக்கட்டா?" என்று கிதிர் முகம்மது ஒரு தட்டு நிறையப் பழத்தை எடுத்து நீட்டினார். சொரிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எல்லாரும் வண்டிக்குத் திரும்பியபோது மாடக்கண்ணு மைத்துனன் தோளில் மகனைப் பார்த்தான். மாட்டைப் பூட்டும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பண்பொழிக்குப் போனார்கள். சொரிமுத்து புது வேட்டி கட்டி அடிவாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் மருமகன். கத்தியைக் கண்டதும் பையன் ஊரைக் கூட்டினான். நாவிதரை உதைத்தான். நாவிதர் கொஞ்சம் அதட்டினார். "பச்சப் பிள்ளைய என்னவே அதட்டுதீரு?" என்று சொரிமுத்து அவரிடம் எகிறினான். மாமன் முகமும் மருமகன் முகமும் ஒரே மாதிரி சிவந்திருப்பதைப் பார்த்து முப்பிடாதியம்மாளே வாய்விட்டுச் சிரித்தாள். "சேனை வச்சது நாந்தான்னு இனி யார்ட்டயும் சொல்லாதிய" என்றாள்.

சொரிமுத்து மடிப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான். குற்றாலத்து மலைத்தேன். விரலில் தொட்டுவிட்டு, பையன் வாய் வரைக்கும் கொண்டுபோனவன் நிறுத்திக்கொண்டான். தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தான்.

"வைக்கட்டா, பிள்ள?"

"ஒங் கோவம் பூராவும் அவனுக்கு வந்து அஞ்சு வருசம் ஆவுது. இனி தேன வச்சா என்ன, வேப்பெண்ணெய வச்சா என்ன. வையிண்ணே."

தேன் நாக்கில் பட்டதும் பையன் அழுகையை நிறுத்தினான். மாமன் விரலை அப்படியே கவ்விக்கொண்டான். நாவிதர் அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் தொட்டுக் கத்தியை வைத்தார். ஐந்து வருஷத்து முடி கொத்துக் கொத்தாக மாமன் வேட்டியில் விழுந்தது. கத்தி ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் பையனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தையெல்லாம் வாயில் இருந்த விரலில் காட்டினான். சொரிமுத்து விரலை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"கடிக்கானா? வலிக்காண்ணே?" என்று மாடத்தி கேட்டாள்.

"இல்ல பிள்ள, இல்ல. நீ அங்கன பாரு, பின்பக்கம் கொஞ்சம் முடி நிக்கி" என்றான்.