சக்கரமும் நாயின் பல்லும்

அந்தத் தையல்காரியைத் தெருவில் எல்லாரும் ‘சக்கரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினை விட்டு எழுந்து சாப்பிட உட்கார்ந்தாலும் மேஜைக்கடியில் அவள் கால் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டேதான் இருக்கும். கத்தரிக்கோலைத் தேடுகிற நேரத்தில் ஒரு பட்டன் தைத்துவிடலாம் என்று நூலைப் பல்லாலேயே கடித்து அறுப்பாள். கடித்துக் கடித்து முன்பல் சொத்தையாகி, வலி உயிர் போகும். டாக்டரிடம் காட்டத்தான் நேரமில்லை.

வீட்டு நாயின் வாய் நாறியபோது மட்டும் உடனே தூக்கிக்கொண்டு ஓடினாள். விரலில் துணியைச் சுற்றி, நாய்க்கென்று விற்கிற பேஸ்ட்டைத் தொட்டு, தினமும் நிதானமாகத் தேய்க்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். நிதானத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். துணிக்கு ஓரம் அடிக்கிற வேகத்தில் தேய்த்தாள். நாய் வாயை இறுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது.

"பெரிய மகாராஜா. இவனைக் கெஞ்சணுமா நான்?" என்று எரிந்து விழுந்தாள்.

"நீ கால் ஆட்டுற ஆட்டத்துல எனக்கே பயமா இருக்கு," என்றார் கணவர். "வாயைப் பிளக்க வேணாம், உதட்டைத் தூக்கினாலே போதும். முதல்ல காலை அடக்கு."

மறுநாள் ஒரு காலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முள்மேல் இருப்பதுபோல் உடம்பு தவித்தது. நாய் மெல்ல வந்து மடியில் தாடையை வைத்தது. கடைவாய்ப் பல்வரை தேய்த்து முடித்தாள்.

"எங்க, ஊது பார்க்கலாம்," என்று பெருமையாகக் குனிந்து அதன் முகத்தோடு முகம் வைத்தாள். நாய் அவள் வாயை ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கணவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"கிளம்பு. நாயே சொல்லிடுச்சு."