பாவு காய்ந்த விமான மைதானம்

ஆகாய விமானத்தில் போனவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு பயணம்தான் உண்டு. அதிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

யுத்த காலம். பெங்களூரில் பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவி தலைப்பிரசவத்துக்காகச் சேலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். வலி கண்டும் குழந்தை பிறக்கவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், உடனே வரவும் என்று ஒரு சாயங்காலம் தந்தி வந்தது. அன்றைய ரயில் போய்விட்டிருந்தது.

செய்யச் சொல்லிப் பதில் தந்தி கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் மாமனாரை எனக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த பெண்ணின் வயிற்றில் கத்தி வைக்க, கட்டியவன் நேரில் வந்து சரி என்று சொன்னால்தான் சம்மதிப்பார். தந்தியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்பார். லேடி டாக்டர் தலைகீழாக நின்றாலும் மனுஷன் அசையமாட்டார். நான் எவ்வளவு சீக்கிரம் போய் நிற்கிறேனோ, அதில்தான் இரண்டு உயிர் இருந்தது.

எங்கள் மேலதிகாரிக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார். அன்று தந்தியைப் படித்துவிட்டு, டெலிபோனை எடுத்தார். விடிந்ததும் சேலத்தை அடுத்த ஓமலூர்ப் பக்கம் தபால் கொண்டுபோகும் சின்ன விமானத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவரை நான் மனசுக்குள்கூடத் திட்டியதில்லை.

ஓமலூருக்கும் மேச்சேரிக்கும் நடுவே இருந்த அந்த இடத்தை விமான நிலையம் என்று சொன்னால் சிரிப்பார்கள். செம்மண் பொட்டலைச் சமப்படுத்தி, உருளை ஓட்டி இறுக்கியிருந்தார்கள். ஒரு கூரைக் கொட்டகை, காற்று பார்க்கக் கம்பத்தில் ஒரு துணிக்குழாய், காவலுக்குப் பென்ஷன் வாங்கிய சிப்பாய் ஒருவர். அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டால் அங்கே காக்கைகூட உட்காராது. வழக்கமாக விமானம் பொழுது சாயும் நேரத்தில் வரும். அன்று காலையிலேயே புறப்பட்டுவிட்டது. அந்தச் சேதி காவல்காரருக்குப் போகவில்லை.

மைதானத்தை ஒட்டி, இளம்பிள்ளை ஊர்ப் பக்கமிருந்து வந்து குடியேறிய நெசவுக்காரர்கள் இருந்தார்கள். தறியில் ஏற்றுமுன் பாவு நூலை நெடுக இழுத்துப் பிடித்து, கஞ்சி போட்டு, நீவிக் காயவைக்க வேண்டும். வெயில் உறைப்பதற்குள் முடிய வேண்டிய வேலை. அதற்காகவே ஊர்தோறும் பாவடி என்று ஒரு வெட்டவெளி விட்டிருப்பார்கள். இவர்களுடைய பாவடியைத்தான் மைதானம் விழுங்கியிருந்தது. விமானம் சாயங்காலம்தானே வருகிறது, காலையில் சும்மா கிடக்கிற இடம்தானே என்று காவல்காரரைக் கேட்டுக்கொண்டு, பழையபடி அங்கேயே பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. மேலிருந்து பார்த்தபோது தெரிந்தது ஒன்றே ஒன்று. இறங்க வேண்டிய இடத்தின் நட்டநடுவில் வெள்ளையாக நீளக் கோடு ஒன்று கிடந்தது. அதன் இரு பக்கமும் ஆட்கள்.

விமானத்தை ஓட்டியவர் ஒரு பஞ்சாபி இளைஞர். ஒரு வட்டம் அடித்தார். இன்னொரு சுற்று சுற்றுவேன், அதற்குள் விலகாவிட்டால் திரும்பிவிடுவேன், அதற்கு மேல் பெட்ரோல் இல்லை என்று இந்துஸ்தானியில் கத்தினார். கீழே நின்றவர்களை வாயில் வந்தபடி ஏசினேன். இஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

அப்போது அந்தக் கோடு அசைந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஈரக் கஞ்சியோடு பாவைச் சுருட்டினால் நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது குப்பைக்குத்தான் ஆகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆணும் பெண்ணுமாக நெடுக நின்று, கொஞ்சமும் தொய்யவிடாமல் தூக்கி, எல்லோரும் சேர்ந்து பக்கவாட்டில் நடந்தார்கள். முழுப் பாவும் நேராக, மெதுவாக, மைதானத்தை விட்டு நகர்ந்தது. ஓரம் முழுக்க இலந்தைப் புதர். வெறுங்காலோடு அதற்குள் போய் நின்றார்கள்.

நாங்கள் இறங்கினோம். கூடவே செம்புழுதி எழும்பி, அந்த ஈரப் பாவின் மேல் படிந்தது.

நான் குதித்து ஓடியபோது அவர்கள் இன்னும் முள்ளுக்குள்தான் நின்றார்கள். பாவைக் கீழே விட முடியாதே. முதலில் எதிர்ப்பட்டது என் மனைவி வயசுப் பெண் ஒருத்தி. கையெடுத்துக் கும்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, உங்கள் நூலெல்லாம் மண்ணாகிவிட்டதே என்றேன்.

அவள் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண் பாவின் மேலேயே இருந்தது. "மண்ணுதானுங்களே, அலசிக்கலாம். அங்க புள்ளத்தாச்சி கெடக்கறா. நீங்க நிக்காதீங்க சாமி, போங்க" என்றாள்.

கஞ்சியோடு ஒட்டிய மண் அலசினால் போகாது என்று பிற்பாடு ஒரு நெசவுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அது அப்போதே தெரிந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

காவல்காரர் தன் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதித்தார். ரஸ்தாவுக்கு வந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டிய, மேட்டூரிலிருந்து சேலம் போகும் கரிவாயு பஸ்ஸை நடுவில் நின்று மறித்தார். பஸ் மேட்டில் ஏறும்போதெல்லாம் நானும் சேர்ந்து முக்கினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். நினைத்தபடியே சம்மதிக்கவில்லை. அவரை நாலு கேள்வி கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நாஞ் சரின்னு சொல்லி எம்புள்ள போயிட்டா, நான் எப்படீங்க உசிரோட இருப்பேன்?" என்றார்.

பிடிவாதம் என்று இத்தனை நாள் நான் நினைத்ததெல்லாம் பயம். எனக்கும் அதே பயம்தான். உள்ளே போய், செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை. முதலில் அழுகைச் சத்தம்தான் கேட்டது. தாய் கண் திறக்கச் சாயங்காலம் ஆயிற்று. வெளிறிப்போயிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏனுங்க, வாரதுக்கு இத்தனை நேரமா?" என்றாள்.

ஆகாயத்தில் பறந்து வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆமாம், நேரமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று கட்டிலை விட்டு நகராமல் நின்றேன்.